நிமிர்ந்து நின்ற கிளை

மழை வந்தால் நல்ல பிள்ளைகள் போர்வைக்குள் இருப்பார்கள். மயிலாப்பூர் ஓட்டக் குழுவில் இருப்பவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கே புத்தி வந்துவிட்டது. காலை நாலரை மணிக்குள் பன்னிரண்டு பேர் வாட்ஸ்ஆப்பில் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மச்சினி கல்யாணம், ஒருவர் மட்டும் கூசாமல் உண்மையை எழுதினார்: "தூக்கம் வருது." ஐந்து மணிக்குத் தெப்பக்குளத்தின் ஓரத்தில் மழையில் நின்றது இரண்டே பேர். ஒருத்தி ஜொவிட்டா டீச்சர். மற்றவள் தீபிகா.

ஜொவிட்டாவுக்கு நாற்பத்தேழு வயது. சாந்தோமில் பிறந்து, சாந்தோமில் படித்து, சாந்தோமிலேயே வாழ்க்கைப்பட்டு, வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். கணவர் எரிக்குக்குத் துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். முப்பத்தெட்டாவது வயதில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால் ஜொவிட்டா கடற்கரையில் நடக்க ஆரம்பித்தாள். நடை ஓட்டமானது, ஓட்டம் பைத்தியமானது. ஐந்து மாரத்தான் முடித்துவிட்டாள். ஓட்டத்துக்காகவே ஞாயிறு பூசையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவளை 'எக்ஸ்பிரஸ்' என்று சொல்வது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

இதெல்லாம் போன வருடம் டிசம்பர் வரை. அதற்குப் பிறகு அவள் ஓடியதில் பெருமை இல்லை, சந்தோஷமும் இல்லை. ஓடாமலிருந்தால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, போலாமா? ஜனவரி ரேஸுக்கு முன்னாடி முப்பது கிலோமீட்டர் போட இன்னிக்கு விட்டா வேற நாள் கிடையாது" என்றாள் தீபிகா. வயது இருபத்தெட்டு, மென்பொருள் கம்பெனியில் வேலை. ஓட ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் குழுவில் பாதிப் பேரைத் தாண்டிவிட்டாள். நினைத்தால் ஜொவிட்டாவையும் தாண்டலாம். தாண்ட மாட்டாள். எப்போதும் ஜொவிட்டாவுக்குப் பத்தடி பின்னால்தான் ஓடுவாள். செத்துப்போன அவள் அப்பா விஜயராகவன் ஓடிய இடம் அது. அவர் பங்கேற்க இருந்த மாரத்தானை அவருக்காகத் தான் ஓடி முடிக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

"வா" என்று சொல்லிவிட்டு ஜொவிட்டா தொப்பியை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். பின்னால் காலடிச் சத்தம் கிளம்பியது.

அந்தச் சத்தம்தான் அவளுக்கு எமன். விஜயராகவனுக்கு ஓடும்போது இடது கால் பலமாக விழும், வலது கால் லேசாக உரசும். 'தப், சர்ர், தப், சர்ர்' என்று கேட்கும். பத்தடி பின்னால் ஏழு வருடம் கேட்ட சத்தம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மகளுக்கு அப்பாவின் மூக்கு வரவில்லை, நிறம் வரவில்லை, அந்தக் காலடி மட்டும் அப்படியே வந்திருந்தது. மார்ச் மாதத்தில் தீபிகா முதன்முதலாகக் குழுவில் சேர்ந்து பின்னால் ஓடி வந்தபோது, ஜொவிட்டா கச்சேரி ரோட்டில் நின்று வாந்தி எடுத்தாள். இட்லி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்தாள். வெறும் வயிற்றோடுதான் ஓட வந்திருந்தாள்.

விஜயராகவன் செத்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். போன வருடம் டிசம்பர், இதே மாதிரி ஒரு ஞாயிறு. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒன்பது பேர் ஓடினார்கள். முன்னால் ஜொவிட்டா, அடுத்து விஜயராகவன், மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி. விஜயராகவன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொரு வயது, குழுவை ஆரம்பித்ததே அவர்தான். ஒரு சட்டம் வைத்திருந்தார். "முன்னால போறவா பின்னால வர்றவாளுக்கு வழி பண்ணிண்டே போகணும்" என்பார். கல் கிடந்தால் எடுத்து ஓரமாகப் போட வேண்டும், பாட்டில் கிடந்தால் எடுக்க வேண்டும், குழி இருந்தால் "பள்ளம்!" என்று கத்த வேண்டும். காற்றும் மழையும் சேர்ந்து அடித்த அந்தக் காலையில் வழியெல்லாம் கிளைகள் விழுந்து கிடந்தன. ஜொவிட்டா மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை குனிந்து குனிந்து கிளைகளை எடுத்து ஓரத்தில் எறிந்துகொண்டே போனாள். "டீச்சரம்மா இன்னிக்குக் கார்ப்பரேஷன்ல சேந்துட்டேள்" என்று விஜயராகவன் பின்னாலிருந்து கேலி பண்ணினார்.

அடையாறிலிருந்து பெசன்ட் நகருக்குக் குறுக்கே போகும் ஒரு தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. தெரு விளக்கு இல்லை. தண்ணீருக்கு நடுவில் ஒரு வாதாங்கிளை. ஜொவிட்டா ஓட்டத்தை நிறுத்தாமல் பக்கவாட்டில் சாய்ந்து அதைப் பிடுங்கி, ஓரத்தில் கிடந்த மற்ற கிளைகளோடு வீசிவிட்டு இடது பக்கமாக ஓடிப் போனாள். இரண்டு விநாடி கழித்துப் பின்னால் தண்ணீர் பெரிதாகச் சிதறும் சத்தம் கேட்டது.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தெருவில் தண்ணீர் தேங்கினால் யாராவது ஒருவர் கடப்பாரையோடு வந்து மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்துவிடுவார். தண்ணீர் வடியும். ஆனால் குழி வெளியில் தெரியாதே? அதனால் திறந்தவர் பக்கத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, இலையோடு அந்தக் குழியில் நட்டுவிட்டுப் போவார். தண்ணீருக்கு மேலே கிளை நின்றால் கீழே குழி என்று பால்காரருக்குத் தெரியும், ஆட்டோக்காரருக்குத் தெரியும், ஸ்கூல் பிள்ளைக்குத் தெரியும். ஜொவிட்டாவுக்கும் தெரியும். வழியெல்லாம் கிளை பொறுக்கிப் பொறுக்கி, கிளையைக் கண்டால் எடுத்து எறிவது என்று கை பழகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. விழுந்த கிளை எங்கேயாவது நிமிர்ந்து நிற்குமா என்று யோசிக்கத் தலைக்கு நேரம் கொடுக்கவில்லை கை.

விஜயராகவனை நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். குழியின் கான்கிரீட் விளிம்பில் மார்பு மோதியிருந்தது. எதிரே டீக்கடை வைத்திருந்த பீர் முஹம்மது தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ, கெள வச்சேனே! இப்பத்தானே வச்சுட்டுப் பால் காய்ச்சப் போனேன்! கெள இன்னா ஆச்சு?" என்று கத்தினார். ஜொவிட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து விஜயராகவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை டீச்சர், முன்னாடி போன உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. அவர் பீர் முஹம்மது கொடுத்த டீயைக்கூடக் குடித்தார். அரை மணி நேரத்தில் மூச்சுத் திணறியது. மத்தியானம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். எலும்பு உடைந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள்.

மூடியைத் திறந்தது நான்தான் என்று பீர் முஹம்மதுவே ஒப்புக்கொண்டார். கிளை நட்டதை யாரும் நம்பவில்லை. ஓரத்தில் பத்துப் பதினைந்து கிளை கிடந்தது, அதில் எது அவர் நட்டது என்று யார் கண்டார்கள்? முன்னால் ஓடியவளைப் போலீஸ் விசாரித்தது. "நான் கிளை எதையும் பாக்கல சார்" என்றாள் ஜொவிட்டா. சொன்னபோது அது நான்கைந்து வார்த்தை. அந்த வார்த்தைகளால் பீர் முஹம்மதுமேல் வழக்குப் பதிவானது. ஆளைக் கொன்ற டீக்கடை என்று தெருவில் பெயராகி, கட்டட உரிமையாளர் கடையைக் காலி பண்ணச் சொன்னார்.

ஜொவிட்டா பேசாமல் இருந்துவிட்டாளா என்றால், இல்லை, ஒரே ஓர் இடத்தில் பேசினாள். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், திரைக்கு இந்தப் பக்கம் முழங்காலில் இருந்துகொண்டு கிளையைப் பிடுங்கியதைச் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் ஒன்றே ஒன்று கேட்டார்: "நீ இதை வெளியே சொல்லாததால் யாருக்காவது கஷ்டம் உண்டா மகளே?" ஜொவிட்டா "இல்லை சுவாமி" என்றாள். ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார். பாவசங்கீர்த்தனத்திலேயே பொய் சொன்னவளுக்கு மன்னிப்பு எங்கே ஒட்டும்? அன்றிலிருந்து அவள் பீடத்தில் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்கப் போகவில்லை. பூசையில் எல்லாரும் வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போகும்போது இவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், மற்றவர்கள் இவள் முழங்காலைத் தாண்டிப் போவார்கள். எரிக் ஒரு தடவை கேட்டார், இரண்டு தடவை கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

குழுவிடம் அந்தத் தெருவில் நாய்த் தொல்லை என்று சொல்லி, அடுத்த தெரு வழியாகக் கூட்டிப் போக ஆரம்பித்தாள். யாரும் மறுக்கவில்லை. ஓட்டக்காரனுக்கு நாய் என்றால் போதும்.

இன்றைக்குச் சாந்தோம் சாலையில் ஒரு ஜீவன் இல்லை. மழை சாய்ந்து அடித்தது. ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து காலை எடுக்கும்போதெல்லாம் சளக் சளக் என்றது. பட்டினப்பாக்கத்தில் கடல் எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை. அலையின் இரைச்சல் மட்டும் வந்தது. பின்னால் தப், சர்ர். தப், சர்ர். தீபிகாதான் என்று ஜொவிட்டாவுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் தீபிகாதான் இருப்பாள். ஆனாலும் திரும்பவில்லை. மழையில் நனைந்த ஒரு பெரியவர் தொப்பியை எடுத்து உதறிக்கொண்டு, இன்னும் கோபமே இல்லாமல், "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே டீச்சர்" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? அவளுக்கு அந்தப் பயம் உண்மையாகவே இருந்தது. கணக்கு டீச்சருக்குப் பேய் பயமா என்று சிரிக்கிறவர்கள், மழையில் திரு.வி.க. பாலத்தின் மேல் விடியற்காலையில் அந்தச் சத்தத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓடிப் பார்க்கட்டும்.

பாலத்தின் நடுவில் தீபிகா வேகம் கூட்டி அவள் பக்கத்தில் வந்தாள். கீழே ஆறு கலங்கிக் கரை தொட ஓடிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்கு வரேள்தானே? வக்கீல் உங்களைத்தான் நம்பிண்டிருக்கார். முன்னாடி ஓடினது நீங்கதான். கிளை இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அந்தாள் தப்ப முடியாதுங்கறார்."

"ம்" என்றாள் ஜொவிட்டா.

"தெறந்து போட்டதுக்குக்கூட மன்னிச்சுடுவேன் ஆன்ட்டி. தண்ணி வடியணும்னு பண்ணிருக்கான். ஆனா கிளை வச்சேன், கிளை வச்சேன்னு கூசாம பொய் சொல்றான் பாருங்கோ, அதான் அம்மாவால தாங்கிக்க முடியல. ஆத்துல இன்னமும் அதையே சொல்லிண்டு அழறா."

ஓடும்போது பேசக் கூடாது என்பது போல ஜொவிட்டா கையை ஆட்டினாள். தீபிகா தலையசைத்துவிட்டுப் பழையபடி பின்னால் போய்விட்டாள். மறுபடியும் தப், சர்ர். அடையாறு சிக்னல் வரை ஜொவிட்டாவின் மனதில் செவ்வாய்க்கிழமை என்ற ஒரு சொல்தான் ஓடியது. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். மகள் லூயிசா படிக்கும் பெங்களூருக்குப் போய்விடலாம். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? போன வருடம் சொன்ன பொய்யை இந்த வருடம் பைபிள் மேல் கைவைத்துச் சொல்ல வேண்டுமா?

எப்போதும் திரும்பும் தெருவில் திரும்பினார்கள். திரும்பிய இடத்திலேயே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு தெருவை அடைத்துக் கிடந்தது. யாரோ குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள்.

"கம்பி கீழ கிடக்கு, தீபிகா. மெயின் ரோட்டுக்கே போயிடலாம்."

"மெயின் ரோட்ல முட்டித் தண்ணி ஆன்ட்டி, பாத்தோமே. பக்கத்துத் தெருவுல போலாம்."

"அங்க நாய்..."

"ஆன்ட்டி, அது எந்தத் தெருன்னு எனக்குத் தெரியும். நான் கஷ்டப்படுவேன்னுதானே எல்லாரும் நாய் நாய்னு சொல்றேள்? பரவால்ல. ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள் தீபிகா. சொல்லிவிட்டு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஜொவிட்டாவைத் தாண்டி முன்னால் போனாள்.

தெரு முழுக்கத் தண்ணீர். விடிந்தும் விடியாத வெளிச்சம். டீக்கடை இருந்த இடத்தில் இழுத்து மூடிய ஷட்டர். தீபிகா தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு நேராகத் தெருவின் நடுவில் ஓடினாள், மழைத் தொப்பியும் மெலிந்த தோளுமாக. பின்னாலிருந்து பார்த்தபோது ஜொவிட்டாவுக்கு ஆள் அடையாளம் குழம்பியது. காலடி அவருடையது, தோள் அவருடையது, தண்ணீர் அன்றைய தண்ணீர். இன்னும் பத்தடி. இன்னும் ஐந்தடி.

"பள்ளம்!"

அந்தக் குரல் அவளுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. "பள்ளம்! நில்லுங்க! காலை வைக்காதீங்க!"

தீபிகா அப்படியே ஒற்றைக் காலில் உறைந்து நின்றாள். பிறகு மெதுவாக இன்னொரு காலை நீட்டித் தண்ணீருக்குள் துழாவினாள். மூடி இருந்தது. சிமென்ட் போட்டுப் பூசி அசையாமல் இருந்தது. காலால் இரண்டு முறை மிதித்துப் பார்த்தாள்.

"இங்கதானா ஆன்ட்டி?"

ஜொவிட்டா ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் நடந்து வந்தாள்.

"இவ்ளோ தண்ணிக்கடியில சரியா இந்த இடம்தான்னு எப்படித் தெரிஞ்சுது? அன்னிக்கு நீங்க இதைத் தாண்டிப் போயாச்சுன்னு சொன்னேள். ஒண்ணும் பாக்கலைன்னு சொன்னேள்."

"கிளை இருந்துது தீபிகா."

மழை இரைச்சலில் கேட்டிருக்காதோ என்று ஜொவிட்டா இன்னும் கிட்டப் போனாள். "பாய் கிளை வச்சிருந்தாரு. நான்தான் பிடுங்கி எறிஞ்சேன். விழுந்து கிடக்குற கிளைன்னு நெனச்சு எறிஞ்சேன். உங்கப்பா பத்தடி பின்னாடி வந்துட்டிருந்தாரு."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீபிகா ஆபீஸில் யாரிடமோ விவரம் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எவ்ளோ உயரம்?"

"என் இடுப்பு உயரம்."

"இலை இருந்துதா?"

"நெறைய."

"சாஞ்சு கிடந்துதா, நின்னுதா?"

"நேரா நின்னுது" என்றாள் ஜொவிட்டா. ஒரு வருடமாக அவளைத் தூங்கவிடாத வார்த்தை அதுதான். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

தீபிகா அழவில்லை. தண்ணீரில் நின்றபடி ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அவர் பொய் சொல்லல" என்றாள். 'அந்தாள்' எப்போது 'அவர்' ஆனார் என்று அவளே கவனித்திருக்க மாட்டாள். "நான் அவர் மூஞ்சில துப்பினேன் ஆன்ட்டி. ஸ்டேஷன்ல வச்சு, எல்லார் முன்னாடியும். தொடச்சுக்கக்கூட இல்ல அவர்."

"தீபிகா, என்னை..."

"அப்பாவா இருந்தா உங்ககிட்டக் கோபமே பட்டிருக்க மாட்டா. எனக்குத் தெரியும். ஆனா நான் அப்பா இல்ல." முகத்தில் வழிந்த மழையைக் கையால் வழித்தாள். "இன்னும் எவ்ளோ தூரம் பாக்கி?"

"இருபத்திமூணு கிலோமீட்டர்."

"ஓட வேண்டாம். நடங்கோ. அவர் வீடு திருவான்மியூர்ல. எனக்குத் தெரியும்."

நடந்தார்கள். தீபிகா முன்னால், ஜொவிட்டா பின்னால். பெசன்ட் நகரைத் தாண்டினார்கள். ஓடி வந்த சூடு இறங்கி, நனைந்த துணி உடம்பில் ஒட்டி, ஜொவிட்டாவுக்குப் பல் கிட்டியது. வழியில் ஓர் ஆட்டோ நின்று ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. எங்கேயாவது திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. முப்பது கிலோமீட்டர் ஓடத் தெம்புள்ளவளுக்கு அந்த இரண்டு கிலோமீட்டர் நடப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

மருந்தீஸ்வரர் கோயிலைத் தாண்டி நாலைந்து தெரு உள்ளே, ஒட்டி ஒட்டி வீடுகள். ஒற்றை அறை வீடு ஒன்றின் கதவு திறந்திருந்தது. தீபிகா ஒதுங்கி நின்று ஜொவிட்டாவை முன்னால் போகவிட்டாள். பீர் முஹம்மது ஓர் அடுக்குமாடி வாசலில் காவல் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். காக்கிச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. ஒரு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

"இன்னா டீச்சர், இந்த மழைல..." என்று எழுந்தவர், பின்னால் நின்ற தீபிகாவைப் பார்த்ததும் முகம் வெளிறி இரண்டு கையையும் கூப்பினார்.

"ஏம்மா, நீ இம்மாந் தூரம் வரணுமா? செவ்வாக்கெழம நானே ஒத்துக்கறேம்மா. வக்கீலாண்ட சொல்லிட்டேன். கெள வைக்கலன்னே எழுதிக்கட்டும்."

"வைக்கலன்னு ஏன் பாய் சொல்லணும்?" என்றாள் ஜொவிட்டா.

பீர் முஹம்மது நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வச்சா மாதிரிதான் டீச்சர் ஞாபகம் கீது. ஒடிக்கச் சொல்லோ உள்ளங்கை கீறிச்சு. ஆனா போலீஸ் இல்லன்றான், தெருக்காரங்க இல்லன்றாங்க. கண்ணால பாத்தேன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. அப்போ ஒடிக்கணும்னு நெனச்சுக்கினே, பால் பொங்குதேன்னு உள்ள பூட்டேனோ இன்னாவோ. டூட்டில ஒக்காந்துக்கினு அதையேதான் யோசிக்கறேன். யோசிக்க யோசிக்க, நெனச்சது எது, செஞ்சது எதுன்னு ஒண்ணும் புரில. ஒரு உசிரு பூட்ச்சு. நான் பொய்யாத்தான் சொல்லிக்கினு கீறனோன்னு தொழுகையில ஒக்காந்தா அதான் வருது."

தன்னால் ஒருவருக்குக் கடை போனது ஜொவிட்டாவுக்குத் தெரியும். பெயர் போனதும் தெரியும். தன் கை செய்த நல்ல காரியத்தையே அவர் நம்ப முடியாமல் போய்விட்டார் என்பது தெரியாது. அவள் வாசற்படியில் ஈரத்தோடு முழங்காலிட்டாள். பாவசங்கீர்த்தனத்தில் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள், திரை மட்டும் இல்லை.

"நீங்க வச்சீங்க பாய். பெரிய வாதாங்கிளை, இலையோட. நேரா நட்டு வச்சிருந்தீங்க. நான்தான் பிடுங்கி ஓரமா எறிஞ்சேன். போலீஸ்ல பாக்கலன்னு பொய் சொன்னேன். செவ்வாய்க்கிழமை கோர்ட்ல சொல்றேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

பீர் முஹம்மது அவளையே பார்த்தார். பின்பாதி எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"வச்சேனா?"

"வச்சீங்க."

"நீ பாத்தியா?"

"என் கையால பிடுங்கினேன் பாய். நல்லா ஆழமா நட்டிருந்தீங்க. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்துது."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "இன்னொரு தபா சொல்லு டீச்சர்" என்றார். ஜொவிட்டா சொன்னாள். கண்ணில் நீர் வழிய, வாய் சிரிக்க, உள்பக்கம் திரும்பி, "வஜீஹா! ஏ வஜீஹா! இங்க வா. வச்சேனாம்! நான் வச்சேனாம்! டீச்சர் பாத்துதாம்!" என்று சத்தம் போட்டார்.

தீபிகா தெருவிலேயே மழையில் நின்றாள். "உள்ள வாம்மா, நனையாத" என்று அவர் கூப்பிட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவர் முகத்தை நேராகப் பார்க்க அவளால் முடியவில்லை.

வஜீஹா சோப்பு நுரை கையோடு பின்பக்கத்திலிருந்து வந்தாள். கணவர் சிரித்து அழுவதைப் பார்த்தாள். ஜொவிட்டா மூன்றாவது முறையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். வஜீஹா முந்தானையில் கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டே கேட்டு முடித்தாள்.

"ஏம்மா, இத்தினி நாளு ஊர்ல இல்லியா நீ?" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இங்கதாம்மா இருந்தேன்" என்றாள் ஜொவிட்டா.